மனப்பயிற்சிச் செயலி: கவலை நேரம் அருமை, நெருப்புச் சின்னம் கொடுமை

மனதுக்கான பயிற்சிச் செயலியை ரொம்ப நாளாக வைத்திருக்கிறாயே, ஆண்டுச் சந்தா கட்டலாமா என்று நண்பன் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. செயலியின் பெயர் வேண்டாம். இந்த வகையில் எதை எடுத்தாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: மூச்சுப் பயிற்சி, வழிகாட்டும் குரலோடு தியானம், மனநிலைக் குறிப்பு, தூங்கும்போது கேட்க மழைச் சத்தம்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். முகப்பில் ஒரு நெருப்புச் சின்னம், பக்கத்தில் ஓர் எண். விடாமல் பயிற்சி செய்த நாட்களின் கணக்கு அது. ஒரு நாள் தவறினால் பூஜ்யம். காய்ச்சலில் கிடந்தாலும் பூஜ்யம், இரவெல்லாம் பயணத்தில் இருந்தாலும் பூஜ்யம். நள்ளிரவு நெருங்கும்போது 'உங்கள் நெருப்பு அணையப் போகிறது' என்று வட்டிக்காரன் மாதிரி ஓர் அறிவிப்பு வரும். படுத்தவன் எழுந்து, கணக்குக்காக அவசர அவசரமாக 'நிதானமாக' மூச்சு விட்டுவிட்டுப் படுப்பேன். பதற்றம் குறையட்டும் என்று வாங்கிய பொருள் பதற்றத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் அச்சானது. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 66 நாள் ஆகிறது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை விரிகிறது. அதிலேயே இன்னொன்றும் சொன்னார்கள்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை. ஆராய்ச்சி இப்படிச் சொல்ல, செயலி பூஜ்யம் போடுகிறது. அறிவிப்பை நிறுத்தலாம், சின்னத்தை மறைக்க வழியில்லை. உதவிப் பிரிவுக்கு எழுதினேன். நன்றி சொல்லிவிட்டு, நெருப்பை அணையாமல் காப்பாற்ற யோசனைகள் அனுப்பினார்கள்!

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். பட்டியலின் அடியில், யாரும் போகாத இடத்தில், 'கவலை நேரம்' என்று ஒன்று இருக்கிறது. பகலில் கவலை வந்தால் ஒரே வரியில் குறித்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். மாலையில் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் உட்கார்ந்து அந்த வரிகளை எடுத்து முறையாகக் கவலைப்பட வேண்டும். உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட முறை இது. அவர்கள் தினம் அரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னார்கள். கவலைப்படாதே என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலை கூடும். இது அப்படிச் சொல்வதில்லை. இப்போது வேண்டாம், ஆறரைக்கு வா என்கிறது. ஆறரைக்குப் பட்டியலைத் திறந்தால் பாதிக்கு உயிரே இருக்காது. மேலதிகாரி காலையில் ஏன் அப்படிப் பார்த்தார் என்பதை மாலையில் படித்தால் சிரிப்புத்தான் வரும். மிஞ்சுவது கடன், அம்மாவின் பரிசோதனை முடிவு போன்ற அசல் சரக்கு. அதில் என் கையில் இருப்பது எது என்று பார்க்க அந்த அரை மணி நேரம் தாராளம். படுக்கையில் புரண்டுகொண்டிருந்த வழக்கம் நன்றாகவே குறைந்திருக்கிறது.

மூச்சுப் பயிற்சியும் பரவாயில்லை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகத்துக்கு அழைத்துப் போகிறது. சாதாரணமாக நாம் விடுவது 12 முதல் 20. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு இறங்குவது கையிலேயே தெரியும். தியானக் குரலில் குழைவு அதிகம், எனக்கு ஒத்துவரவில்லை. அப்புறம் விளம்பரத்தில் ஜான் கபாட்-சின் 1979இல் தொடங்கிய, தியானத்தால் மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சியைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். அது எட்டு வாரம், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் செய்ய வேண்டியது. இவர்கள் ஐந்து நிமிடத்தைக் கொடுத்துவிட்டு அதே பலனைப் பேசுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுப்பாக நடந்துகொள்கிறது. மனச்சோர்வை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விகளை அவ்வப்போது கேட்கிறது. மொத்தம் 27இல் 10ஐத் தாண்டினால் பயிற்சியைத் திணிக்காமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறது. செயலி என்பது உடம்பு நன்றாக இருப்பவன் செய்யும் நடைப்பயிற்சியைப் போலத்தான், சிகிச்சை அல்ல.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு நண்பனுக்கு என் பதில்: கட்டாதே. ஒரு சின்ன நோட்டும் அலாரமும் இருந்தால் கவலை நேரம் தயார். ஆறு மூச்சுக்கு நொடிமுள் போதும். நான் மட்டும் போன வாரம் சந்தாவைப் புதுப்பித்தேன். இத்தனை நாள் எழுதிய கவலைக் குறிப்புகளை வெளியே எடுக்க அவர்கள் ஒரு பொத்தான்கூட வைக்கவில்லை.