கறுப்புக் கல், சிவப்புக் கோடு

அமெரிக்காவின் டூசான் நகரக் கனிமக் கண்காட்சியில் பெயர்ச் சீட்டு இல்லாத ஒரு கல்லை எட்டு டாலருக்கு வாங்கினேன். கறுப்பு, உலோகப் பளபளப்பு, கைக்கு நல்ல கனம். விற்றவருக்கும் பெயர் தெரியவில்லை. காந்தம் ஒட்டும் இரும்புத் தாதுவான மேக்னடைட் என்றே நினைத்தேன், ஆனால் காந்தம் ஒட்டவில்லை. அப்புறம்தான், கல்லை உரசி, விழும் கோட்டின் நிறத்தை வைத்துக் கனிமத்தை அடையாளம் காண உதவும் இந்த மெருகிடாத வெள்ளைப் பீங்கான் தட்டை வாங்கினேன். கல்லின் ஓரத்தைத் தட்டில் அழுத்தி ஒரே இழுப்பு. அவ்வளவு கறுப்பான கல்லிலிருந்து காய்ந்த ரத்தம் போலச் செம்பழுப்புக் கோடு! இன்னொரு இரும்புத் தாதுவான ஹேமடைட்தான். மேக்னடைட் என்றால் கோடும் கறுப்பாகவே விழும். அந்தக் கோட்டைப் பார்த்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

தட்டு ரொம்பச் சின்னது, பிடிக்க வாகாக இல்லை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 7-ஐத் தாண்டிய கல் என்றால் தட்டுதான் கீறுபடும். மற்றபடி கல் சேர்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.