26 வருடப் பாவனைக்குப் பிறகு: கிறிஸ்தவ வாழ்க்கைமுறை கைகொடுக்கிறதா?

ஆறு மாதம் பாவித்த ரைஸ் குக்கரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் 1999 பாஸ்கா இரவிலிருந்து, அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவிலிருந்து, பாவித்து வருகிற ஒன்றைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. போன மாதம் கடையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: “அக்கா, நீங்க பிறப்பால வேதமில்லைதானே, கிறிஸ்தவமில்லைதானே? மாறினதால வாழ்க்கையில என்ன வித்தியாசம்? உண்மையாச் சொல்லுங்க.” உண்மையைச் சொல்ல அரை மணி நேரச் சாப்பாட்டு நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கடவுள் இருக்கிறாரா, எந்த மதம் சரி என்பதெல்லாம் இதில் பேச்சில்லை. அந்தப் போதனைகளைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் ஒரு சாதாரணப் பெண் சம்பளம், சண்டை, கடன், கோபம் எல்லாவற்றையும் ஓட்ட முடிகிறதா என்பது மட்டும்தான்.

நான் கொட்டாஞ்சேனையில் சைவ வீட்டில் பிறந்தவள். செவ்வாய்க்கிழமைகளில் அம்மா என்னைக் கொச்சிக்கடைக்குக் கூட்டிப்போவார். முதலில் பொன்னம்பலவாணேசர் கோவில், அப்புறம் அப்படியே நடந்து அந்தோனியார் தேவாலயம். கற்பூரமும் மெழுகுதிரியும் ஒரே பையில்தான் போகும். ஆனால் நான் ஒரு கத்தோலிக்கரைக் கட்டப்போகிறேன் என்றதும் அதே அம்மா, “அந்தோனியாரைக் கும்பிடுறது வேற, வேதத்துக்குப் போறது வேற” என்று இரண்டு மாதம் பேசவில்லை. ஆகவே மறைக்கல்விக்குப் போக ஆரம்பித்த காரணம் கல்யாணம்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. சொல்லித்தந்த சிஸ்டர் மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டார்: “மலைப்பொழிவை மூன்று தரம் வாசியுங்கோ. பயம் வரேல்லை எண்டால் நீங்கள் வாசிக்கேல்லை.” இயேசு மலைமேல் போதித்தது, பைபிளில் மத்தேயு 5, 6, 7 ஆம் அதிகாரங்கள். உண்மையில் முதல் வாசிப்பில் எனக்குப் பயம் வரவில்லை. வடிவான வசனங்கள் என்றுதான் நினைத்தேன். பயம் வேலைக்குப் போன பிறகு வந்தது.

புறக்கோட்டையில் இறக்குமதிச் சாமான் விற்கும் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது இருப்பது வேறு கடை. ஒருநாள் முதலாளி இன்வொய்ஸ் ஒன்றைத் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்துத் தள்ளினார். பெறுமதியைப் பாதிக்கும் குறைவாகக் காட்டிப் புதிதாக ஒன்று அடிக்கவேண்டும், சுங்கவரிக்காக. உள்ளதை உள்ளதென்றும் இல்லாததை இல்லாததென்றும் சொல்லு, அதற்கு மேல் வருவது தீயவனிடமிருந்து வருகிறது என்று சிஸ்டரிடம் படித்தது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. “சேர், இதை நான் அடிக்க மாட்டன்” என்றேன். அவர் கத்தவில்லை. அடுத்த வாரம் என் மேசை ஏசி அறையிலிருந்து ஸ்டோருக்குப் போனது. இரண்டு வருடம் போனஸ் இல்லை. நேர்மைக்குக் கடவுள் பரிசு தருவார் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். நான் பார்த்தவரை பரிசு எதுவும் வரவில்லை. கிடைத்தது ஒன்றே ஒன்று: ஒரே கணக்கை ஞாபகம் வைத்தால் போதும் என்ற வசதி. கணக்கெழுதுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் ஒன்று இன்னும் உறுத்துகிறது. நான் மறுத்த இன்வொய்ஸைப் பக்கத்து மேசைத் தம்பி அடித்தான். அவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது, மறுக்க முடியாத நிலை. என் கை சுத்தமாக இருக்க அவன் கை அழுக்கானது. இதற்கு என்ன பதில் என்று மறைக்கல்வியில் சொல்லித்தரவில்லை.

அன்பு, இரக்கம், தானம் இவற்றையெல்லாம் கிறிஸ்தவத்தின் தனிச்சரக்கு என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். இது கொழும்பு. வெசாக் வந்தால் தெருவுக்குத் தெரு தன்சல் என்ற இலவசச் சாப்பாட்டுப் பந்தல், நோன்பு மாதம் வந்தால் பள்ளிவாசலில் கஞ்சி, சைவக் கோவிலில் அன்னதானம். இவற்றில் வளர்ந்தவளுக்கு இரக்கத்தை யாரும் புதிதாகக் கற்றுத்தரத் தேவையில்லை. எனக்குப் புதிதாக இருந்தது வரிசைதான். காணிக்கை கொடுக்க வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு, பிறகு வா என்கிறது மலைப்பொழிவு. உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் என்றல்ல, அவனுக்கு உன்மேல் என்பதைக் கவனியுங்கள். கடவுளே, நீர் கொஞ்சம் பொறும், மைத்துனியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வைக்கிற சட்டம்.

மைத்துனி என்று சும்மா சொல்லவில்லை. 2008இல் மாமி காலமானபின் ஒரு சோடிக் காப்புக்காக நானும் அவளும் எட்டு மாதம் முகம் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே தேவாலயம், ஒரே பூசை. சமாதானம் சொல்லும் நேரத்தில் இங்கே கைகூப்பித் தலை குனிவோம் இல்லையா, அந்த நேரம் மட்டும் நான் பையில் எதையோ தேடுவேன், அவள் பிள்ளையின் சட்டையைச் சரிசெய்வாள். எட்டு மாதம், கிட்டத்தட்ட 35 ஞாயிறு. கடைசியில் காணிக்கைப் பாட்டு நடக்கும்போது எழும்பிப் போய் அவள் தோளைத் தட்டினேன். “பூசை முடியட்டும்” என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். மெழுகுதிரி ஏற்றுகிற தகரத் தட்டுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் பேசினோம். கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. “நான் சொன்னதும் பிழைதான், அண்ணி. ஆனா உங்கட பிழை கூட” என்றாள். காப்பு இன்னும் அவளிடம்தான். நத்தார் கேக்குக்குக் கஜுவும் புகுல் தோசி என்ற பூசணி இனிப்பும் இப்போது இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்துதான் வெட்டுகிறோம். ஊறவைத்த பழத்தை அவள் பெரிதாக வெட்டுகிறாள் என்ற குறை எனக்கு உண்டு. அது பாவத்தில் சேராது.

இனி குறைபாடுகள். ஞாயிறு பூசையில் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பேதமில்லை என்று பவுல் வாசகம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பத்திரிகையைப் பிரித்தால், மணமகள் தேவைப் பகுதியில் ‘றோமன் கத்தோலிக்க’ என்றதற்கு அடுத்த சொல்லாகச் சாதி இருக்கும். தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார்கள், சாதி மட்டும் நனையவே இல்லை.

அதைவிடப் பெரிய குறை, பொறுமையை யாரிடம் கேட்கிறார்கள் என்பது. என் சிநேகிதி ஒருத்தி கணவனிடம் அடிவாங்கி, உதடு வீங்கிய நிலையில் ஒரு பாதரிடம் போனாள். “சிலுவையைச் சுமக்கப் பழகுங்கோ மகள்” என்று அனுப்பிவிட்டார். அடிக்கிறவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை இல்லை. மறுகன்னத்தைக் காட்டு என்பது அடிவாங்குகிறவர் தானாக எடுக்கவேண்டிய முடிவு. பக்கத்தில் நிற்கிறவர் எடுத்துக்கொடுக்கிற முடிவு இல்லை. நான் அவளை என் வீட்டில் 11 நாள் வைத்திருந்தேன், பிறகு பொலிசுக்கும் சட்டத்தரணியிடமும் போனோம். இந்தப் போதனைகளை ஒருவர் தன்மேல் பிரயோகித்தால் மருந்து, அடுத்தவர் மேல் பிரயோகித்தால் பல நேரம் விஷம் என்பது அப்போதிருந்து என் கருத்து.

என் சொந்தப் பாவனை படுதோல்வி அடைந்த இடத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. முதல்நாள் இரவே திருவிழிப்புப் பூசைக்குப் போய் வந்ததால் காலையில் வீட்டில் இருந்தேன். எட்டே முக்கால் அளவில் ஜன்னல் அதிர்ந்தது. மின்சார டிரான்ஸ்போமர் வெடித்துவிட்டது என்று நினைத்து கிரிபத் (பாற்சோறு) சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினேன். இஸ்லாமியத் தீவிரவாதக் குழு ஒன்றின் தற்கொலைக் குண்டுகள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் என்று மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள், அன்று 250 பேருக்கு மேல் போனார்கள். பிறகு வந்த ஞாயிறுகளில் பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் நிறைவேற்றிய பூசையை டீவியில் பார்த்தோம். பழிவாங்காதீர்கள் என்றார். மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கமும் முஸ்லிம் கடைகள் எரிந்தபோது, ‘நாங்கள் இல்லை, எங்கள் ஆட்கள் இல்லை’ என்று சொல்லிக்கொண்டேன்.

நான் கல் எறியவில்லைதான். ஆனால் இரண்டாம் குறுக்குத் தெருவில் 15 வருடமாகத் துணி வாங்கிய ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருக்கிறது. மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை, வேண்டுமென்றே அடுத்த தெருவால் சுற்றிப் போனேன். யாரும் போகாதே என்று சொல்லவில்லை, நானாகவே. பாவசங்கீர்த்தனத்தில், பாதரிடம் பாவத்தை அறிக்கையிடும் நேரத்தில், இதைச் சொன்னபோது பாதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அவர் உங்களுக்கு என்ன செய்தவர்?” கணக்குக் கொப்பியில் எழுத ஒரு வரி இல்லை. ஓகஸ்டில் போனேன். “என்ன தங்கச்சி, கன நாளாக் காணல்லியே” என்று ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார். காரணம் அவருக்குத் தெரியும், அவர் பார்வையிலேயே தெரிந்தது. மூன்று யார் லைனிங் கேட்டேன், தேவையே இல்லாத துணி. வழக்கம்போல அளவுக்கு மேல் ஒரு சாண் விட்டுத்தான் கத்தரியை வைத்தார். நான் அந்தக் கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ‘மன்னித்து மறந்துவிடுங்கள்’ என்று பெரிய இடங்களிலிருந்து வந்த உபதேசம். தாக்குதல் வரப்போகிறதென்று முன்கூட்டியே தகவல் வந்தும் தடுக்கவில்லை என்றுதான் 2023 ஜனவரியில் உயர்நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட உத்தரவிட்டது. வேறு அதிகாரிகளும் கட்டவேண்டியிருந்தது. பேரப்பிள்ளையை இழந்த எங்கள் தெரு ஆச்சி ஒருவர் சொன்னார்: “எனக்கு அவங்கள்மேல கோபமில்ல மோனே. பதில் வேணும்.” இரண்டும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

2022 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம், கேஸ் சிலிண்டர் அதற்கு முன்பே 5,000 ரூபாயை நெருங்கியிருந்தது. தேவாலயத்தில் பெண்கள் சேர்ந்து விறகில் மத்தியானச் சாப்பாடு சமைத்தோம். சாப்பிட வந்தவர்களிடம் மதம் கேட்கவில்லை. நல்லதுதான், ஆனால் அந்த வருடம் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

கடைசியாக, கேள்வி கேட்ட கடைப் பிள்ளைக்கு நான் சொல்ல மறந்த விஷயம். எங்கள் ஒழுங்கையில் சீட்டுப் பிடித்த அக்கா ஒருவர் 2013இல் என் ஒரு லட்சத்து இருபதாயிரத்தோடு காணாமல் போனார். மகளின் பாடசாலைச் செலவுக்கென்று மாதாமாதம் கட்டிய காசு. ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன இயேசுவுக்குச் சீட்டுக் காசு போன வலி தெரியுமா என்று நான் ஜெபத்திலேயே சண்டை போட்டிருக்கிறேன். ஆறேழு வருடம் இரவில் அந்த அக்காவின் முகம் வரும். எப்போது நின்றதென்று சரியாகத் தெரியாது, ஒருநாள் யோசித்தபோது வராமல் கன காலமாகியிருந்தது.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடையில், அந்தோனியாரின் கண்ணாடிப் பெட்டியைத் தொட நிற்கும் வரிசையில், எனக்கு முன்னால் மூன்றாவது ஆளாக அந்த அக்கா நின்றார். நன்றாக மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. கையைப் பிடித்து மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன், அதுவும் இல்லை. வெளியே வந்ததும், த்ரீவீலுக்கு 500 ரூபாய் இருக்குமா, அடுத்த செவ்வாய் தருகிறேன் என்றார். கொடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கே என்மேல் கோபம், கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த செவ்வாயும் போனேன், அதற்கடுத்ததும். ஆளைக் காணவில்லை. மன்னித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மொத்தம் 1,20,500.