தமிழ் எழுத்துருக்களை வைத்தே டிசைன் படிப்பை ஓட்டிய அனுபவம்

கிராஃபிக் டிசைன் படிப்பில் கடைசி வருடம். டைப்போகிராஃபி வேலை எது கொடுத்தாலும் முடிந்தவரை தமிழில் செய்வது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன், அதனால் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, பலூ தம்பி ஆகிய ஐந்தையும் புத்தகப் பக்கம், போஸ்டர், அசையும் எழுத்து என்று எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தாயிற்று. கூகுள் ஃபான்ட்ஸில் பெரிய அளவில் பளிச்சென்று காட்டப்படும் மாதிரியைப் பார்த்து எழுத்துருவைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதுதான் இத்தனை நாளில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. 9 பாயின்டில், நெருக்கிய பத்தியில், மெய்யெழுத்துகள் வரிசையாக வரும் வரியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் குணம் வெளியே வரும்.

சோதனைக்கு நான் வைத்திருக்கும் வரி "கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை". பழமொழி என்பதற்காக இல்லை, ழு கீழே இறங்கும், மீ மேலே சுழிக்கும், நடுவில் க் மேல் புள்ளி, பக்கத்திலேயே அகலமாக ஒரு கூ, எல்லாம் ஒரே வரியில் கிடைக்கிறது. இதையே வரி மாற்றி மாற்றி அடுக்கினால் மேல் வரியின் வால் கீழ் வரியின் தலையில் எங்கே இடிக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தானாக வரும் வரி இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம், அதாவது 10 பாயின்டுக்கு 12. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழுக்கு எனக்கு 140-க்குக் கீழே ஒருபோதும் ஒத்துவந்ததில்லை, நீளமான கட்டுரை என்றால் 150. வகுப்பில் சொல்லித்தரும் இடைவெளி விதிகள் பெரும்பாலும் லத்தீன் எழுத்தின் உடம்பை அளந்து வைத்தவை, அவற்றை அப்படியே தூக்கித் தமிழுக்குப் போட்டால் பக்கம் மூச்சு முட்டும்.

பத்திக்கு என் ஓட்டு முக்த மலருக்கு. கோட்டின் தடிமன் நிதானமாக இருக்கிறது, மெல்லியது முதல் தடித்தது வரை ஏழு எடைகள் இருப்பதால் தலைப்பையும் அதே குடும்பத்தில் முடித்துவிடலாம். நோட்டோ எங்கே போட்டாலும் தப்பு வராது, ஆனால் முகம் என்று ஒன்றும் இல்லை, அரசாங்கப் படிவம் போல நடுநிலையாக நிற்கும் (சில வேலைக்கு அதுதான் வேண்டும்). எடையோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்பது அதன் பெரிய பலம், அட்டவணை போடும்போது அருமை தெரியும். கேட்டமரானில் ஒன்பது எடைகள், மெல்லிய எடையைப் பெரிதாக வைத்தால் அழகு, அதே மெல்லிய எடையை 10 பாயின்டில் அச்சடித்தால் பாதி எழுத்து காகிதத்திலேயே கரைந்துவிடுகிறது. ஹிந்த் மதுரை படக்குறிப்புக்கும் செயலித் திரைக்கும் நல்லது. பலூ தம்பி போஸ்டருக்கு மட்டும், அதுவும் இரண்டு மூன்று சொற்களுக்கு.

இத்தாலிக், அதாவது சாய்வெழுத்து விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. தமிழில் அப்படி ஒரு மரபே கிடையாது. மென்பொருள் தானாகச் சாய்த்துத் தரும் எழுத்தில் ட, ப, ம எல்லாம் விழப்போகிற சுவர் மாதிரி இருக்கும். அழுத்தம் வேண்டுமென்றால் எடையைக் கூட்டுங்கள், அல்லது வேறு எழுத்துருவுக்குப் போங்கள்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவதும் அப்படித்தான். 'கொடி' என்பதைத் தலைப்பில் விரித்து வைத்தால் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று மூன்று தனி எழுத்துகளாகப் பிரிந்து நிற்கும் ஆபத்து உண்டு. விரித்தே ஆக வேண்டுமென்றால் வடிவமாக மாற்றிவிட்டுக் கையால் நகர்த்துவேன். இரு பக்கமும் சமன் செய்த குறுகிய பத்தியும் வேண்டாம், நம் சொற்கள் நீளம், வரிக்கு நான்கு சொல்தான் வரும் என்றால் நடுவில் வெள்ளை ஆறு ஓடும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துவதே போதும். அப்புறம், இன்டிசைனில் கொம்பு இடம் மாறித் தெரிந்தால் எழுத்துருவைத் திட்ட வேண்டாம், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கோடிங் வகுப்பில்தான் ரொம்பத் திண்டாட்டம். எழுத்து எழுத்தாகத் திரையில் விழ வேண்டும் என்று ஒரு வேலை. ஜாவாஸ்கிரிப்டில் சரத்தை (எழுத்துத் தொடரை) வழக்கம்போல உடைத்தால் 'கி' என்பது க-வும் விலங்கு எனும் 'ி' குறியுமாக இரண்டாகிவிடும், முதலில் க விழும், பின்னால் விலங்கு மட்டும் தனியாகப் பறந்து வரும். இதற்கு இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி மொழியிலேயே இருக்கிறது, அது கி, கொ, க் எல்லாவற்றையும் ஒரே எழுத்தாகவே எடுத்துத் தரும். ஆனால் க்ஷ-வை மட்டும் க் தனி, ஷ தனி என்றே பிரிக்கும், அதற்கு நாமாக ஒரு விதி சேர்க்க வேண்டியதுதான். எழுத்தின் ஓரக்கோட்டைப் புள்ளிகளாக்கித் தரும் நூலகங்களை நம்புவதையும் விட்டுவிட்டேன். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தமிழைத் தட்டச்சு செய்து, பாதையாக (வெறும் வரைகோடாக) மாற்றி, எஸ்விஜி படக் கோப்பாகக் கோடுக்குள் கொண்டுவருகிறேன். சுற்றுவழிதான், ஆனால் ஏமாற்றாது.

நான் அதிகமாக ரசித்துச் செய்தது பழைய எழுத்துகளை மீண்டும் வரைந்த வேலை. தமிழ்நாட்டில் 1978-இல் வந்த சீர்திருத்தத்தில் ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகள் இன்றைய உருவத்துக்கு மாறின. தும்பிக்கை தூக்கிய லை-யை வீட்டிலுள்ள பழைய புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். யூனிகோடில் பழைய லை-க்கும் புதிய லை-க்கும் குறியீடு ஒன்றேதான், உருவத்தைத் தீர்மானிப்பது எழுத்துரு. அப்படியென்றால் உரையில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் எழுத்துருவை மட்டும் மாற்றினால் பக்கமே பழைய அச்சுக்குப் போய்விடும் அல்லவா, அதை ஒரு போஸ்டர் வரிசையாகச் செய்தேன்.

கருவி ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு உருவாக்கும் மென்பொருள். இலவசம், முகப்பு பார்க்கப் பழசு, பழகும் வரை எரிச்சல், ஆனால் வேண்டியதெல்லாம் உள்ளே இருக்கிறது. திறந்த உரிமத்தில் வந்த ஒரு எழுத்துருவை எடுத்து 13 உருவங்களையும் வரைந்து, கூட்டெழுத்து விதிகளில் (எவை சேர்ந்தால் எந்த உருவம் வரும் என்று சொல்பவை) இணைக்க வேண்டும். றா-வுக்கு விதி நேரானது, ற பிறகு கால். லை-யில்தான் சூட்சுமம். உரையில் ல முன்னால், ஐகாரக் குறி பின்னால் சேமிக்கப்பட்டிருக்கும், ஆனால் இந்த விதி வேலை செய்யும் கட்டத்தில் குறி ஏற்கெனவே முன்னால் நகர்ந்திருக்கும், எனவே விதியைக் குறி முதலில், ல அடுத்து என்று எழுத வேண்டும். கைகளால் எழுதும்போது நாம் போடும் வரிசையும் இதுதானே. உரிமத்தையும் படித்துவிடுங்கள்: ஓபன் ஃபான்ட் உரிமத்தில் மாற்றியதை அதே உரிமத்தில்தான் வெளியிடலாம், அசல்காரர்கள் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால் நம் பதிப்புக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

இப்போதைக்குச் சாதாரண எடையில் மட்டும் முடித்திருக்கிறேன். தடித்த எடையில் பழைய ணை-க்குச் சுழிகளுக்குள் வெள்ளை நிற்கவே மாட்டேன் என்கிறது, எழுத்தை அகலமாக்கினால் பக்கத்து எழுத்துகளோடு சேர்ந்து நிற்பதில்லை, சுழியைக் குறைத்தால் அது ணை மாதிரியே இல்லை.