இஇஆரா, ஐஎஸ்இஇஆரா: ஏசி வாங்கும்போது எந்த எண்ணைப் பார்ப்பது?

தி.நகரில் ஏசி பார்க்கப் போனால் விற்பனையாளர் முதலில் காட்டுவது நட்சத்திரத்தைத்தான். நான் அதன் கீழே உள்ள எண்ணைத் தேடுவேன்.

இஇஆர் (EER, ஆற்றல் திறன் விகிதம்) பழைய கணக்கு. வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி, ஏசி முழு வேகத்தில். அந்த ஒரு நிலையில் கிடைக்கும் குளிர்ச்சியை (வாட்டில்) மின்சாரத்தால் வகுத்தால் வருவது. எளிமையானதுதான், ஆனால் தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் ஏசிக்கு அநியாயம். ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே 29 டிகிரி இருக்கும்போது அது பாதி வேகத்தில் மெல்ல ஓடி மிச்சப்படுத்துவது இதில் வராது.

ஐஎஸ்இஇஆர் (ISEER, இந்தியப் பருவகால ஆற்றல் திறன் விகிதம்) அதைக் கணக்கில் எடுக்கிறது. 24 முதல் 43 டிகிரி வரை, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் என்று பிரித்து, பாதிச் சுமையையும் சேர்த்துக் கூட்டுகிறார்கள். 2018 முதல் ஸ்டிக்கரில் இதுதான். ஐஎஸ்இஇஆர் 4-ல் 1,000 யூனிட் ஆகும் குளிர்ச்சிக்கு 5-ல் 800 போதும்.

ஆனால் சென்னையில் 1,600 மணி எங்கே போதும்? தினம் 8 மணி நேரம், 300 நாள் என்றாலே 2,400. ஸ்டிக்கரில் உள்ள யூனிட்டை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், 1.5 டன் என்றால் கணக்குப்படி சுமார் 5,275 வாட் குளிர்ச்சி. ஸ்டிக்கரில் பல மாடல்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதிலும் ஒரு பங்கு நம் ஊர்ப் புழுக்கத்தை உறிஞ்சவே போய்விடும். ஏசித் தண்ணீர் சொட்டும் எங்கள் பால்கனி வாளி காலைக்குள் நிரம்பிவிடுகிறது. எனக்கு ஐஎஸ்இஇஆர்தான், ஆனால் வாட்டையும் பார்த்த பிறகு.