வேட்டங்குடிப் பறவையும் ஆத்தங்குடிக் கல்லும்: ஒரு ஓவியர் ரெசிடென்சி மதிப்புரை

செட்டிநாட்டில் ஒரு பழைய நகரத்தார் வீட்டில் குளிர்காலத்தில் ஓவியர்கள் தங்கி வேலை செய்யும் நான்கு வார ரெசிடென்சி இது. பெயரை விட்டுவிடுகிறோம், ஓவியர் வட்டத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் உட்கார்ந்து வரையலாம், வரைந்ததை ஆத்தங்குடிப் பட்டறையில் தரைக்கல்லாக வார்த்துக் கையோடு எடுத்துப் போகலாம் என்பது இவர்கள் தரும் வாக்கு. பட்டறை அருமை. நாள்கணக்குதான் உதைக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள்.

முதல் பத்து நாள் அறிமுகம், வீடு சுற்றிப் பார்த்தல், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் என்று போய்விடுகிறது. பன்னிரண்டாம் நாள் வரைபடம் கேட்கிறார்கள். அதற்கு உலோக அச்சு அடித்துவர ஆறு நாள். அதற்கடுத்த நாள் வார்த்து, ஒரு நாள் ஆறவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினால் இருபதாம் நாள் ஆகிவிடும். சிமெண்டுக்கு ஒரு வாரமாவது ஈரம் வேண்டும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது இருபத்தேழு. மறுநாள் நீங்கள் கிளம்ப வேண்டும், கல் இன்னும் உலரவில்லை. முதல் வார்ப்பு சொதப்பினால் இரண்டாவதற்கு இடமே கிடையாது. முதல் முறை பறவை வார்ப்பவர்களில் பாதிப் பேருக்குச் சொதப்பும். ஐந்தாம் நாளே படம் பட்டறைக்குப் போயாக வேண்டும். அதற்கு, அவர்கள் வேன் புறப்படும் நான்காம் நாளுக்குக் காத்திராமல் இரண்டாம் நாளே சொந்தச் செலவில் கார் வைத்து வேட்டங்குடி போய்விடுங்கள்.

சரணாலயம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் தாண்டி, கொள்ளுகுடிப்பட்டியில். வேட்டங்குடி, பெரிய கொள்ளுகுடி, சின்னக் கொள்ளுகுடி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்தது, 1977-இல் அறிவிக்கப்பட்டது, மொத்தம் 38.4 ஹெக்டேர்தான். சின்ன இடம் என்பது வரைபவருக்கு நல்லது. கரையில் ஓரிடத்தில் அமர்ந்தால் தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கூடுகள் தெரியும்: நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா என்கிற இராக்கொக்கு, நீர்க்காகம், சாம்பல் நாரை. ரெசிடென்சியின் வேன் காலைப் பலகாரம் முடிந்துதான் கிளம்புகிறது. வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் விட்டுவிட்டுப் போகக்கூடியவை அல்ல, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வெயில் நேர் மேலே ஏறிக்கொண்டிருக்கும். இரை தேடப் போன பறவைகள் வயலில் இருக்கும். கூட்டில் நிற்பவை அசையாது. விடியலிலும் மாலை ஐந்து மணிக்கு மேலும்தான் வரவும் போக்கும். முதல் நாள் இரவே சமையல்கட்டில் ஆச்சியிடம் சொல்லி வைத்தால் இட்லியையும் மிளகாய்ப்பொடியையும் வாழையிலையில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வேன் ஓட்டுநரை எழுப்புவதுதான் கஷ்டம்.

இவர்களிடம் இரண்டு 8×42 பைனாகுலர் இருக்கிறது. பறவையைக் கண்டுகொள்ள அது போதும், வரையப் போதாது. ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் கோடு இழுக்க முடியாது. முக்காலியில் நிற்கும், 20–60 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்கண் தொலைநோக்கி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். ட்ரோன் பேச்சே வேண்டாம். பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. கூட்டுக்கு அருகே போனால் தாய் எழும்பும், குஞ்சு தவறித் தண்ணீரில் விழும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டின் பொது மேசையில் ஒரு ஜாடி நிறைய இறகுகள், “கரையில் கிடந்தவை” என்று ஒரு சீட்டோடு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ளிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. உதிர்ந்த இறகும், கூட்டுக் குச்சியும், கண்மாய் மண்ணும் அதில் அடக்கம். கண்காட்சியில் அந்த இறகை ஒட்டி வைத்தால் மாட்டிக்கொள்வது ரெசிடென்சி மட்டுமல்ல, ஓவியரும்தான். வரைந்துகொண்டு வாருங்கள், பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். வண்டல் நிறம் வேண்டுமென்றால் சரணாலயத்துக்கு வெளியே அனுமதியோடு வெட்டிய கரம்பையை ஒரு விவசாயியிடம் கேட்டால் ஒரு வாளி கிடைக்கும். பருவமழை பொய்த்தால் கண்மாய் நிரம்பாது, பறவையும் வராது. அப்படிப்பட்ட ஆண்டிலும் தேதியை இவர்கள் மாற்றுவதில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுவது புத்திசாலித்தனம்.

இனி பட்டறை. காசு முழுக்க இதற்குத்தான்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. சமமான கண்ணாடித் தகட்டைத் தூசியில்லாமல் துடைத்து, மேலே சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் உலோக அச்சை இறக்குகிறார்கள். வெள்ளைச் சிமெண்டில் ஆக்சைடு நிறம் கலந்த கூழைச் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்கி எடுக்கிறார்கள். மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவுவார்கள். அது நிறத்திலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு உள்ளூர் மணலும் சிமெண்டும் குழைத்த சாந்தைப் போட்டு அழுத்தி, மட்டம் பார்த்து ஒதுக்கி வைக்கிறார்கள். தண்ணீரில் ஊறி எழுந்து உலரும்போது கண்ணாடி தானாக விட்டுவிடும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி முகம் தந்தது.

கண்ணாடியில் படிந்திருந்த பக்கம்தான் நாளைக்கு மேலே தெரியும் பக்கம். ஆகவே படம் இடம் வலமாகத் திரும்பும். இடப்பக்கம் பார்த்து நின்ற நாரை வலப்பக்கம் பார்க்கும். நான்கு கல் சேர்ந்து ஒரு கூட்டம் என்றால் வரிசையே குலைந்துபோகும். கையெழுத்து போட நினைத்தவர் கதி சொல்லவே வேண்டாம். டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு அச்சுக்காரரிடம் கொடுங்கள். இதை அறிமுக வகுப்பில் ஒருவரும் சொல்வதில்லை என்பது விந்தை.

அடுத்தது மெல்லிய கோடு. அச்சைத் தூக்கியதும் தகடு நின்ற இடத்தை இரண்டு பக்கத்து நிறமும் ஓடி வந்து மூடிக்கொள்ளும். நாரையின் காலை எட்டு அங்குலக் கல்லுக்குள் அடக்கினால் அது கோடாக நிற்காது, கசிந்து புழுவாகும். நத்தைகுத்திக்கு அடையாளமே மூடிய அலகின் நடுவில் தெரியும் இடைவெளிதான். அதைச் சின்னதாகப் போட்டால் நிறம் ஓடி அடைத்துவிடும், பிறகு அது ஏதோ ஒரு கொக்கு. முழுப் பறவையை விட்டுத் தலையையும் அலகையும் மட்டும் நான்கு கல்லில் பெரிதாக விரித்தால் இடைவெளி பிழைக்கும். ஜனவரியில் கூட்டில் பார்க்கும் குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இன்னும் வந்திருக்காது; நேரான அலகோடு வரைந்துவிட்டுத் தப்பாகப் பார்த்தோமோ என்று குழம்ப வேண்டாம்.

நிறக் கூழ் மோர் போல நீர்த்தால் ஒன்றோடொன்று கலக்கும். களிபோல் இறுகினால் மூலைக்குப் போகாமல் காற்றுக் குமிழி நிற்கும். தோசை மாவுப் பதம் என்று பட்டறையில் சொல்வது சரியான அளவு. தூவல் குறைந்தால் பின்சாந்தின் ஈரம் நிறத்துக்குள் ஏறிக் கறை விழும். ஆக்சைடு, சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அடர்த்தியாக வேண்டுமென்று அள்ளிப் போட்டால் மேல்முகம் வலுவிழந்து பொடியும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் வெளுக்கும், ஆகவே உள்ளங்கை அளவு மாதிரி ஊற்றிக் காயவைத்துப் பாருங்கள். மஞ்சள் மூக்கு நாரையின் வால்பக்க இளஞ்சிவப்பு இந்த முறையில் வராது. காவி ஆக்சைடைக் குறைத்துப் போட்டால் செங்கல் தூள் நிறம்தான் வரும். கடையில் விற்கும் ரோஸ் சாயத்தைக் கலந்தால் சிமெண்டின் காரம் அதைத் தின்றுவிடும். கறுப்பு வெள்ளைப் பறவைகளுக்கு இந்தக் கல் பொருத்தம். வக்காவுக்கு அப்படியே செய்து வைத்தது போல.

அச்சு அடிக்க நேரமில்லாமல் போனால் ஒரு வழி உண்டு. பட்டறையில் அடுக்கிக் கிடக்கும் பழைய பார்டர் அச்சுகளில் ஒன்றை எடுத்து ஓரத்துக்கு வைத்துக்கொண்டு, நடுவை அச்சில்லாமல் கரண்டியாலேயே ஊற்றச் சொல்லலாம். பூவைக் கைப்போக்கில் ஊற்றிப் பழகிய மேஸ்திரிக்குப் பறவை வருமா என்று தயங்குகிறார்கள். இரண்டு மூன்று கல் வீணானதும் நன்றாக வருகிறது. அச்சில் வராத உயிரோட்டம் இறக்கையில் வருகிறது. மேஸ்திரிக்குத் தனிக்கூலி பேசிக்கொள்ளுங்கள், ரெசிடென்சிக் கட்டணத்தில் அது சேராது. அச்சுக்கூலியும் சேராது.

வரையும் பொருள்களில் கடுக்காய் மை பாராட்டுக்குரியது. துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்த கரைசல் தயாராக இருக்கிறது. நீங்கள் இரவு ஊறவைத்து வடித்த கடுக்காய்ச் சாற்றோடு சேர்த்தால் உடனே கருக்கும். இரும்பைக் கூட்டினால் நாளடைவில் தாளை அரிக்கும், பருத்தித் தாளானாலும் சரி. கரித்துண்டு மட்டும் சுமார். சீமைக்கருவேலக் குச்சியில் சுட்டிருக்கிறார்கள். அடுப்புக்கு அதைவிட நல்ல கரி இல்லை, தாளிலோ கீறுகிறது. எருக்கங்குச்சி மென்மையானது. பென்சில் கனத்தில் வெட்டிப் பட்டை உரித்துக் காயவைத்து, மூடியில் ஆணித்துளை போட்ட தகர டப்பாவில் நெருக்கி அடுக்கித் தணலில் வையுங்கள். துளையில் புகை நின்றால் வெந்துவிட்டது. டப்பா முழுக்க ஆறும்வரை திறக்காதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, வெட்டிய கையை உடனே கழுவுங்கள்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, படங்களில் இருப்பது போலத்தான். வரைய நல்ல வெளிச்சம் வளவின், அதாவது உள்முற்றத்தின், தாழ்வாரத்தில், அறைகள் இருட்டு. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் உரிக்கும்போது பூச்சும் கூடவே வரும். படத்தை நிறுத்தி வைக்க ஸ்டாண்டு கேட்டு வாங்குங்கள், மூன்றே இருப்பதால் முதல் நாளே.

திரும்பும்போது எடையைக் கணக்குப் பண்ணுங்கள். எட்டு அங்குலக் கல் ஒன்று ஒன்றே முக்கால் கிலோ அளவில் வரும்; பன்னிரண்டுக்கு இருபது கிலோவைத் தாண்டும். படுக்க வைத்து அடுக்கினால் அடிக்கல் விரிசல் விடும். முகத்தோடு முகம் வைத்து நடுவில் தாள் கொடுத்து, மரப்பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி, சுற்றிலும் வைக்கோலைத் திணித்துக் கட்டச் சொல்லுங்கள். கல் முழுக்க உலராமல் பெட்டி கட்டினால் ஊர் போய்ச் சேரும்போது வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஈரத்துணியால் சில முறை துடைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் போய்விடும். பிறகுதான் தேங்காய் எண்ணெய், அதுவும் துணியில் தொட்டு, சொட்டாமல்.