உப்புக்காற்றில் ஓடும் பழைய கார்: பெயின்ற் அடிப்பதா, ராப் ஒட்டுவதா?

போன வருடம் மாசி மாதம் எங்கள் விற்ஸ் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது பொனற்றில் துணி எதிலோ சிக்கி இழுபட்டது. குனிந்து பார்த்தால் லக்கர், அதாவது பெயின்றுக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத மினுக்குப் பூச்சு, வெங்காயச் சருகு மாதிரி உரிந்து நிற்கிறது. நகத்தால் மெல்ல நெம்பினேன், உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று வந்தது. கூரையிலும் அதே நிலைதான். 2010 ஆம் ஆண்டுக் கார், வெள்ளி நிறம். விற்றுவிட்டு வேறு எடுக்கலாம் என்றால் விலை கிட்ட நெருங்க விடாது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு எட்டுகிற விலையில்லை. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். நாலு இடத்தில் விசாரித்து, கடைசியில் பெயின்றுக்குப் போனேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடிக்கிறேன். ராப் என்பது காரின் மேல் முழுக்க ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் பிலிம்; சில நாட்களில் முடிந்துவிடும். பெயின்ற் என்றால் கார் இரண்டு கிழமையாவது கராஜில் நிற்கும். ராப் அலுத்துப்போனால் உரித்துவிடலாம். நிறத்தை மாற்றினால், எந்த வழியில் மாற்றினாலும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். நான் அதே வெள்ளியிலேயே நின்றதால் அந்த அலைச்சல் இல்லை. செலவைப் பார்த்தால், எனக்குச் சொன்ன விலைகளில் நல்ல பிலிமும் முழுப் பெயின்றும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தன.

முடிவெடுக்க வைத்தது கறள், அதாவது துரு.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான வேலணையில். வேலைக்காகத் தினமும் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய் வருகிறேன். சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, எழும்பினால் கடலேரித் தண்ணீர் றோட்டு ஓரத்தில் அடித்துத் தூவானமாய்க் காரில் விழும். வீட்டுக்கு வந்து கையால் தடவினால் கண்ணாடியில் பிசுபிசுப்பு. இந்த உப்பு, சல்லி தெறித்த சின்னக் காயத்துக்குள் போய் இரும்பைத் தொட்டால் கறள் தொடங்கும். கறள் இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் மேலிருக்கும் பெயின்றைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். எங்கள் காரில் பின் சில்லுக்கு மேலே மட்காட் ஓரத்தில் பட்டாணி அளவில் அப்படி மூன்று கொப்புளம் இருந்தன.

ராப் ஒட்டுகிற கடையில் ஒரு தம்பி, நேர்மையான பிள்ளை, பொனற்றைப் பார்த்ததுமே சொன்னார்: "அண்ணை, இதுக்கு மேல ஒட்டினா உரிஞ்ச விளிம்பு அப்பிடியே தெரியும். பிறகு பிலிமைக் கழட்டேக்க மிச்ச லக்கரும் சேர்ந்து வரும்." பிலிம் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீற்றர் தடிப்புத்தான், கீழே உள்ள மேடு பள்ளத்தை அது மறைக்காது. ஒட்டுவதற்கு முன் தேய்த்து, நிரப்பி, அடித்துச் சரிப்படுத்த வேண்டும். அப்படியென்றால் பாதிப் பெயின்ற் செலவைச் செய்துவிட்டு அதற்கு மேல் ராப்புக்கும் கொடுக்க வேண்டும்.

கோண்டாவில் பக்கம் பெயின்ற் அடிக்கிற ஒருவரிடம் காட்டினேன். அவர் பொனற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே மட்காட்டுக்குப் போய் ஸ்குரூ டிரைவர் நுனியால் கொப்புளத்தைக் குத்தினார். தவிட்டு நிறத் தூள் கொட்டியது. "மேல மினுக்கிறது லேசு தம்பி. இதைக் கழிக்கிறதுதான் வேலை." வெள்ளையாய் இரும்பு தெரியும்வரை கிறைண்டரால் உரசினார். அதன் மேல் பள்ளம் நிரப்பும் புட்டியை நேராக வைக்காமல், இரும்பில் ஈரம் படாமல் காக்கிற அடிப்பூச்சான எப்பொக்சி பிறைமரை முதலில் அடித்தார். புட்டி ஈரத்தை உறிஞ்சும், வெறும் இரும்பில் வைத்தால் உள்ளே இருந்தே மறுபடி கறள் கிளம்பும் என்றார்.

அவரிடம் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விசயம் தண்ணீர். எமரி பேப்பரை நனைத்து நனைத்துத்தான் உரசுவார்கள். அந்தத் தண்ணீர் உவர் என்றால் உப்பு அப்படியே பெயின்றுக்குக் கீழே தங்கி, ஈரத்தை இழுத்து, சில மாதங்களில் பொடிப்பொடியாய்க் கொப்புளம் போடும். கோண்டாவில் கிணறு நல்ல தண்ணி. எங்கள் வேலணைக் கிணற்றுத் தண்ணீரில் இந்த வேலையைச் செய்ய விடவே கூடாது. எந்தக் கராஜுக்குப் போனாலும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். காலத்தையும் பாருங்கள்: ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம், சோளகத்தில் புழுதி. நாங்கள் பங்குனியில் அடித்தோம்.

ராப்பைப் பற்றி நான் சொல்வது மச்சானின் கார் ஒன்றைப் பார்த்துத்தான். மினுக்கமில்லாத கறுப்பு மற் பிலிம், ஒட்டி மூன்றாம் வருடம். பெற்றோல் மூடிக்குப் பக்கத்தில் விளிம்பு எழும்பியிருந்தது. இழுத்துப் பார்த்தபோது உள்ளே கோடு மாதிரி மணலும் ஈரமும். பிலிமுக்குக் கீழே கறள் வந்தாலும் அது நன்றாகப் பரவும்வரை கண்ணில் படாது, எனக்கு அதுதான் பயம். பெயின்றில் ஒரு கொப்புளம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் திறந்து திருத்தலாம். இன்னொன்று, கதவின் அடிப்பக்கம் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கின்றன. பிலிமை மடித்து ஒட்டும்போது கவனமில்லாமல் அவற்றை அடைத்தால் கதவு உள்ளுக்குள்ளே உக்கும். வெயிலும் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே நிற்கும். பொனற், கூரை போன்ற படுத்த பரப்புகளுக்குப் பிலிம் கம்பனிகளே குறைந்த காலத்துக்குத்தான் உத்தரவாதம் தருகின்றன.

ஆனால் கம்பனிப் பெயின்ற் நல்லபடி இருக்கிற கார், உள்ளூரில் மட்டும் ஓடுவது, இரவில் கூரைக்குக் கீழே நிற்பது என்றால் நானும் ராப்பைத்தான் யோசிப்பேன். விற்கிற நேரம் "ஒறிஜினல் பெயின்ற்" என்ற சொல்லுக்குத் தனி விலை உண்டு. பிலிமை உரித்து அதைக் காட்டலாம். மீண்டும் அடித்த காரைப் பார்த்தால் வாங்க வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி "எங்க அடிபட்டது?" என்பதுதான். அதற்காகவே இரும்பு தெரிய உரசிய நிலையில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடிபட்ட கார் இல்லை என்று காட்ட என் கையில் இருப்பது அந்தப் படங்கள்தான்.

என் பெயின்ற் இதுவரை கண்டது ஒரு சோளகமும் ஒரு மாரியும்தான். மட்காட்டில் இன்னும் கொப்புளம் இல்லை. சனிக்கிழமைகளில் டவுனில் நல்ல தண்ணியால் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டு, கதவடி ஓட்டைகளை ஓர் ஈர்க்கால் குத்திவிடுகிறேன். போன கிழமை இடப்பக்கக் கதவில் இருந்து ஒரு சிரங்கை மண் வந்தது.