சீல் உடைக்காத பெட்டிக்குள் பழைய போன்: திருகோணமலையில் கேமிங் போன் வாங்குபவர்களுக்கு

டவுனில் ஒரு கடையில் ‘சீல் பெக்’ என்று விற்கப்பட்ட போன் இது. அமோலெட் திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை), 120 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 120 தடவை படம் மாறும்), 8 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ். ஏஜென்ட், அதாவது கம்பனியின் அதிகாரபூர்வ விற்பனையாளர், விற்கும் விலையை விடப் பதினெட்டாயிரம் ரூபாய் குறைவு. வாங்கியவர் உவர்மலைப் பெடியன். மாலையில் கொஞ்சம் பப்ஜி, இரவில் இரண்டு எபிசோட் அனிமே, அதைத் தவிர அவருக்குப் போனில் பெரிய வேலை இல்லை. பெட்டியின் பிளாஸ்டிக் உறையைக் கடைக்காரர் அவர் கையாலேயே உடைப்பித்திருக்கிறார்: “தம்பி, நீங்களே சீலை உடையுங்கோ, பிறகு ஒண்டும் சொல்லக்கூடாது.”

முதல் நாள் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வெளியில் வந்தது. இருபது நிமிடம் ஆடினால் விநாடிக்கு 60 ஃபிரேமாக ஓடிய படம் முப்பதுக்கு விழுகிறது. பற்றரி 20 வீதம் காட்டும்போதே போன் அணைகிறது. நான்கு விரலால் ஆடும்போது ஒரு விரலின் தொடுகை விடுபடுகிறது. திரும்பக் கொண்டுபோனால், “கேம் விளையாடின போனுக்கு வாரண்டி இல்லை” என்று பதில். கேமிங் போன் என்று சொல்லி விற்றதும் அதே வாய்தான்.

கடையின் பெயர் இங்கே வராது. அந்தக் கடையை விட்டால் அடுத்ததில், அதையும் விட்டால் பேஸ்புக் பக்கத்தில் இதே சரக்கு கிடைக்கிறது. எப்படிப் பிடிப்பது என்பதுதான் விசயம்.

அந்தப் போனின் பின்மூடியைச் சூடுகாட்டிக் கழற்றியவுடன் கதை முடிந்துவிட்டது. கம்பனியில் ஒட்டும் பசை, அச்சில் வெட்டிய மெல்லிய கறுப்பு நாடாவாக ஓரம் முழுக்க ஒரே அளவில் இருக்கும். இங்கே இருந்தது கண்ணாடி போன்ற பசை, மூலைகளில் தடித்தும் நடுவில் நூலாக இழுபட்டும். ரிப்பேர் மேசைகளில் பயன்படும் டியூப் பசை அது. பற்றரியின் மேல் தயாரிப்பாளர் பெயரோ திகதிக் குறியீடோ இல்லை. திரையோ அமோலெட்டே இல்லை, மலிவான எல்சிடி. அதனால்தான் செற்றிங்கில் விரல்ரேகைப் பகுதி வேலை செய்யவில்லை. திரைக்கு அடியில் இருக்கும் விரல்ரேகை உணரி, பின்வெளிச்சம் உள்ள எல்சிடியை ஊடுருவிப் பார்க்காது. கடையில் அதைக் கேட்டதற்கு “இந்த மொடலுக்கு அது வராது” என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மொடலின் விபரத்தைக் கூகிளில் ஒரு தடவை பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

இது நடக்கும் விதம் இப்படி: வெளிநாட்டில் பாவித்துக் கழித்த போன்கள் மொத்தமாக வருகின்றன. மதர்போர்ட் மட்டும் அசல். திரை, பற்றரி, பின்மூடி மூன்றும் மாற்றப்படும். பெட்டி தனியாக அச்சிடப்படும், அதன் பக்கத்தில் அந்தப் போனின் ஐஎம்இஐ இலக்கத்தையே (ஒவ்வொரு போனுக்கும் தனியான அடையாள இலக்கம்) ஸ்டிக்கராக அடித்து ஒட்டுவார்கள், மேலே சுருங்கும் பிளாஸ்டிக் உறை. ஆகவே போனிலும் பெட்டியிலும் ஒரே இலக்கம் இருப்பதை வைத்து நம்பிவிடாதீர்கள். இலக்கம் பொருந்தாவிட்டால் எழும்பி வாருங்கள். பொருந்தினால் சோதனையைத் தொடங்குங்கள்.

*#06# அடித்தால் ஐஎம்இஐ வரும். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் 1909க்கு எஸ்எம்எஸ் பண்ணுங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்று பதில் வரும். போன் சட்டப்படி வந்ததா என்பதைத்தான் இது சொல்லும், புதிதா பழையதா என்பதைச் சொல்லாது.

திரையைச் சோதிக்க, சாம்சங் என்றால் *#0*#, ஷாவ்மி, ரெட்மி, போக்கோ என்றால் *#*#6484#*#* அடியுங்கள். சோதனைப் பக்கம் திறக்கும். கறுப்பு நிறத்தைப் போட்டு, இரண்டு கையாலும் திரையைப் பொத்திக்கொண்டு உள்ளே பாருங்கள். அமோலெட் என்றால் கும்மிருட்டு, திரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. எல்சிடி என்றால் சாம்பல் வெளிச்சம் ஓரங்களில் கசியும். கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே இது தெரியாது, பொத்திப் பார்த்தால்தான் தெரியும். அடுத்ததாக, செற்றிங்கில் ‘அபவுட் போன்’ போய் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் ‘ஷோ ரிஃப்ரெஷ் ரேட்’ என்பதைப் போட்டுவிட்டுத் திரையை மேலும் கீழும் இழுங்கள். 120 என்று விற்ற போனில் இலக்கம் 60ஐத் தாண்டவே இல்லையென்றால், செற்றிங்கில் 120ஐத் தெரிவுசெய்தும் தாண்டவில்லையென்றால், திரை மாற்றப்பட்டிருக்க நிறைய வாய்ப்பு.

கேம் ஆடுபவர்கள் விடக்கூடாத சோதனை தொடுகை. அதே டெவலப்பர் பகுதியில் ‘பொய்ண்டர் லொகேஷன்’ இருக்கிறது. அதைப் போட்டு ஐந்து விரலையும் திரையில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். மேலே ஐந்தில் ஐந்து என்று காட்ட வேண்டும், கோடுகள் நடுவில் அறுபடக்கூடாது. பிறகு சார்ஜரைக் குத்திவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். மலிவுத் திரைகள் சார்ஜில் இருக்கும்போதுதான் பேய்த்தொடுகை காட்டும்: கை வைக்காத இடத்தில் கோடு ஓடும், நீங்கள் ஓடச் சொன்ன ஆள் குண்டு வீசுவான்.

சிம் தட்டை வெளியே இழுத்து, போனுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பல மொடல்களில் உள்ளே ஒரு சிறு வெள்ளைப் புள்ளி இருக்கும். நீர் பட்டிருந்தால் அது சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறியிருக்கும். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் போனோடு குளிக்கப்போகிற ஊரில் இதைப் பார்க்காமல் பழைய போன் வாங்கக்கூடாது. இன்னொன்று: ஐபி68 என்பது நன்னீரில் சோதித்துக் கொடுக்கும் நீர்த்தடைத் தரம், கடல்நீருக்கு அல்ல. ஒரு தடவை திறந்து ஒட்டிய போனுக்கு அந்தத் தரமும் போய்விடும், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும்.

நெட்பிளிக்ஸ் பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சோதனை இருக்கிறது, அது போனின் சொப்ட்வெயாரையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும். அப்பின் செற்றிங்கில் ‘பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்’ என்ற பகுதியில் வைட்வைன் (வீடியோக் களவைத் தடுக்கும் பூட்டு) எல்1 என்று இருந்தால் ஃபுல் எச்டி வரை வரலாம். எல்3 என்றால் எச்டி வராது, ஸ்குவிட் கேம் முழுவதையும் மங்கலாகத்தான் பார்க்க வேண்டும். அந்த மொடலுக்கு எல்1 இருக்க வேண்டிய இடத்தில் எல்3 காட்டினால், பூட்லோடரை (போனைத் தொடக்கும் மென்பொருளின் பூட்டை) திறந்து வேறு நாட்டு ரோம், அதாவது இயங்குதளம், ஏற்றியிருக்கலாம். அப்படியான போனில் வங்கி அப்களும் சிலவேளை திறக்காது.

ஐபோனுக்கு வேறு முறை. ‘ஜெனரல்’ போய் ‘அபவுட்’டில் மொடல் நம்பரின் முதல் எழுத்தைப் பாருங்கள். எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் அப்பிள் புதுப்பித்து விற்றது, என் என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது. அதே பக்கத்தில் பாகங்களின் வரலாறு காட்டப்படும் மொடல்களில், தெரியாத பாகம் என்று வந்தால் விலையைப் பேசாமலே வந்துவிடலாம். பற்றரி ஹெல்த் 100 வீதம் என்பதை வைத்து மட்டும் காசு கொடுக்காதீர்கள். அந்த இலக்கத்தை மாற்றி எழுதும் கருவி ரிப்பேர் மேசைகளில் சாதாரணமாக இருக்கிறது. ஐபோன் 15 முதல் சார்ஜ் சுற்றுக்களின் எண்ணிக்கையும் முதல் பாவித்த மாதமும் சேர்ந்து காட்டும், அதைப் பாருங்கள்.

எந்தப் போனாக இருந்தாலும் உங்கள் முன்னால் ஃபெக்டரி ரீசெற் பண்ணச் சொல்லி, உங்கள் டேட்டாவில், உங்கள் கணக்கில், முழுவதுமாகச் செற்றப் பண்ணுங்கள். ‘வைஃபை பிறகு போடலாம் தம்பி’ என்றால் சந்தேகப்படுங்கள். பழைய கணக்கின் பூட்டும், வெளிநாட்டில் தவணைக்கு எடுத்துக் கட்டாமல் விட்ட போன்களின் பூட்டும், இணையம் கிடைத்த பிறகுதான் விழும்.

‘8 கூட்டல் 8, மொத்தம் 16 ஜிபி ரேம்’ என்ற விளம்பரம் ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் ஏமாற வைக்கும். இரண்டாவது எட்டு, ஸ்டோரேஜில் இருந்து எடுத்த இடம். அதனால் ஃபிரேம் ஒன்றுகூட அதிகரிக்காது. முப்பதாயிரத்துக்கு ‘அல்ட்ரா’ என்று வருகிற போலிகளோ இதைவிட மோசம். செற்றிங்கிலேயே 16 ஜிபி, 1 டிபி என்று பொய் எழுதியிருக்கும். அவற்றில் ஸ்டோரேஜை நம்பாமல் பெரிய வீடியோக்களை நிரப்பித் திறந்து பார்க்க வேண்டும். ஆன்லைனில் ஓடரில் வரும் 1 டிபி மெமரி கார்ட்டும் இதே வித்தைதான். கார்டின் கொன்ட்ரோலர் சிப்பில் பொய்க் கொள்ளளவு எழுதியிருப்பார்கள், உண்மைக் கொள்ளளவு நிரம்பிய பிறகு புதிது பழையதை அழித்துக்கொண்டே போகும். கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதி வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒன்றில் கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியம் இரண்டு மணிக்கு, கவர் போட்டு, சார்ஜில் வைத்துக்கொண்டு ஆடினால் அசல் போனும் ஃபிரேமைக் குறைக்கத்தான் செய்யும். சூடு கூடும்போது சிப் தன் வேகத்தைத் தானே குறைக்கும், பற்றரி 45 பாகை அளவுக்குப் போனால் சார்ஜும் மெதுவாகும் அல்லது நிற்கும். ஆகவே குறை சொல்லிக் கொண்டுபோவதற்கு முன், இரவில், கவரைக் கழற்றி, சார்ஜ் இல்லாமல், பிரைட்னஸை நடுவில் வைத்து ஒரு மட்ச் ஆடிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் பற்றரியோ மதர்போர்டோ சரியில்லாமல் இருக்கலாம்.

இந்த ஏமாற்றில் மிகக் கெட்டித்தனமான பகுதி வாரண்டிக் கார்ட். ‘ஒரு வருட வாரண்டி’ என்று பெரிதாக, கீழே ‘டிஸ்பிளே, பற்றரி நீங்கலாக’ என்று பொடி எழுத்தில். மாற்றிப் போட்டது எந்தப் பாகங்கள்? அதே இரண்டும்தான். கம்பனி வாரண்டி என்றால் ஏஜென்டின் கார்ட் அல்லது ஸ்டிக்கர் இருக்க வேண்டும், கடை வாரண்டி என்றால் அது அந்தக் கடையின் வாய்ச்சொல்லுக்குச் சமம். பில்லில் மொடல், ஐஎம்இஐ, விலை, திகதி, இவற்றோடு ‘புதியது’ என்ற சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை எழுதக் கை தயங்கினால் போனைப் பற்றி வேறு சோதனை தேவையில்லை. வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது, ஆகவே இது கெஞ்சிக் கேட்கும் விசயம் இல்லை.

போனுக்கு அடுத்ததாகக் காசு போகிற இடம் டொப்-அப், அதாவது கேமுக்குள் செலவழிக்கும் நாணயம் வாங்குவது. பப்ஜியின் நாணயமான யூசியும் ப்ரீ பயரின் டயமண்டும் பாதி விலைக்குப் போடுகிறோம் என்று வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருபவை. பாதி விலைக்கு எப்படிக் கட்டுபடியாகும்? ஒன்று, திருடிய கார்டில் வாங்குகிறார்கள். மற்றது, வாங்கிய பிறகு ரீஃபண்ட் கேட்டுக் காசைத் திரும்ப எடுக்கிறார்கள். இரண்டிலும் யூசி உங்கள் கணக்குக்கு வரும், நீங்களும் கேமில் உடையோ துப்பாக்கிக்கு ‘ஸ்கின்’ என்ற அலங்காரமோ வாங்கிச் செலவழிப்பீர்கள், பிறகு கம்பனி அந்த யூசியைப் பிடுங்கும். கணக்கில் மைனஸ் விழும், அதைக் கட்டும்வரை வாங்க முடியாது, சிலவேளை கணக்கே தடைபடும். விற்றவருக்கு ஒன்றும் ஆகாது. நேர்மையான டொப்-அப்புக்கு உங்கள் பிளேயர் ஐடி இலக்கம் மட்டும் போதும். பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்டால் கணக்கையே எடுக்கப்போகிறார்கள்.

கணக்கை விலைக்கு வாங்குவதோ இன்னும் வீண். முதலில் இணைத்த மின்னஞ்சல் யாரிடம் இருக்கிறதோ அவருடையதுதான் கணக்கு. பாஸ்வேர்டை மாற்றித் தந்தாலும் ஒரு மாதம் கழித்து மீட்டெடுத்து அடுத்தவருக்கு விற்பார்கள். கணக்கு விற்பது கேம் விதிகளுக்கே எதிரானது என்பதால் கம்பனியிடமும் முறையிட முடியாது. ‘நடுவில் அட்மின் நிற்பார், காசை அவரிடம் போடுங்கள்’ என்பார்கள். அந்த அட்மின் பெரும்பாலும் விற்பவரின் இரண்டாவது சிம். நெட்பிளிக்ஸ் புரொஃபைலை மாதத்துக்கு என்று விற்பதும் இதே வகை: ஒரே கணக்கைப் பலருக்கு விற்று, பாஸ்வேர்ட் மாறிய அன்று எல்லோரையும் புளொக் பண்ணிவிடுவார்கள்.

ஏமாந்தாயிற்று என்றால் முதல் வேலை சண்டை போடுவது இல்லை. விற்றவர் மெசேஜ்களை இருபக்கமும் அழிக்கும் முன் விளம்பரம், பேச்சு, வங்கிச் சிலிப் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கூரியரில் வருகிற பார்சலைக் காசு கொடுத்த இடத்திலேயே, முகவரி லேபல் தெரிய, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டு பிரியுங்கள். வங்கிக் கணக்குக்குப் போட்ட காசு என்றால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லிவிட்டுப் பொலிசுக்குப் போங்கள். கடையில் வாங்கியதென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் சொல்லலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பலர் “நாளைக்கு வாங்கோ” என்று அலைக்கழிக்கப்பட்டே அந்த மூன்று மாதத்தையும் தொலைக்கிறார்கள். “சரி, கொழும்புக்கு அனுப்பிச் செய்து தாறம், போனை விட்டுட்டுப் போங்கோ” என்று கடைக்காரர் இறங்கி வந்தால், ஐஎம்இஐ இலக்கமும் குறையும் திகதியும் எழுதிய துண்டு ஒன்றைக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு விடுங்கள். பில்லின் அசலைக் கொடுக்காதீர்கள், போட்டோக்கொப்பி போதும்.